மினார்ஸ்கியின் பெயரில் பறக்கும் லங்காஸ்டர்

கனடாவின் ஹாமில்டன் விமான நிலையத்தில் உள்ள போர் விமான அருங்காட்சியகம், 1972இல் ஃபேரி ஃபயர்ஃபிளை என்ற ஒற்றை விமானத்தோடு தொடங்கப்பட்டது. நிறுவனர்களில் ஒருவரான ஆலன் நெஸ், 1977இல் அதே விமானத்தை ஓட்டிச் சென்றபோது விபத்தில் மாண்டார். நண்பர்கள் பணியை நிறுத்தவில்லை. கோட்ரிச் ஊரில் காட்சிப்பொருளாக வெயிலிலும் பனியிலும் நின்றிருந்த லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தை அவ்வாண்டே பெற்றார்கள். தன்னார்வலர்களின் நெடிய உழைப்புக்குப் பின் 1988 செப்டம்பர் 24 அன்று அது மீண்டும் வானேறியது. அதை இரண்டாம் உலகப் போரில் மாண்ட விமானப்படை வீரர் ஆண்ட்ரூ மினார்ஸ்கியின் நினைவுக்கு உரியதாக்கினார்கள்.

மினார்ஸ்கி வின்னிபெக் நகரில் போலந்துக் குடியேறிகளுக்குப் பிறந்தவர். நார்மண்டியில் நேச நாட்டுப் படைகள் கரையிறங்கிய ஆறாம் நாள், 1944 ஜூன் 12 இரவு, பிரான்சின் காம்ப்ரே ரயில் யார்டைத் தகர்க்க அவருடைய 419ஆம் படைப்பிரிவு இங்கிலாந்திலிருந்து புறப்பட்டது. நள்ளிரவுக்குப் பின் அவர் இருந்த லங்காஸ்டரை ஜெர்மானியப் போர் விமானம் ஒன்று தாக்கியது. இடப்பக்க இன்ஜின்கள் இரண்டும் நின்றன, உடற்பகுதி தீப்பற்றியது. குதித்துவிடுமாறு விமானி உத்தரவிட்டார்.

மினார்ஸ்கி வெளியேறும் கதவருகே வந்துவிட்டார். அப்போதுதான் வால்பகுதித் துப்பாக்கிக் கூண்டில் சக வீரர் பேட் ப்ரோஃபி சிக்கியிருப்பதைக் கண்டார். ஹைட்ராலிக் அழுத்தம் போய், கூண்டு பாதி திரும்பிய நிலையில் இறுகிவிட்டது. நெருப்பினூடே தவழ்ந்து போய்க் கோடரியால் நெம்பினார், வெறுங்கையாலும் இழுத்தார். கூண்டு அசையவில்லை. ‘நீ போய்விடு’ என்று ப்ரோஃபி சைகை காட்டினார். உடை எரிய எரியப் பின்வாங்கிய மினார்ஸ்கி, கதவருகே நிமிர்ந்து நின்று நண்பருக்கு சல்யூட் அடித்துவிட்டுக் குதித்தார். பாராசூட்டும் எரிந்துகொண்டிருந்தது. தீக்காயங்களால் அவர் இறந்தபோது வயது 27.

விமானம் தரையில் மோதிச் சிதறியபோது ப்ரோஃபி வெளியே தூக்கியெறியப்பட்டு உயிர் பிழைத்தார். விமானத்திலிருந்த எழுவரில் மினார்ஸ்கி ஒருவரே இறந்தார். கடைசி நேரத்தில் அவர் செய்ததைக் கண்ட ஒரே சாட்சி ப்ரோஃபிதான். அவருடைய வாக்குமூலத்தின் பேரில் 1946 அக்டோபரில் மினார்ஸ்கிக்கு வீரத்துக்கான விக்டோரியா கிராஸ் பதக்கம் அறிவிக்கப்பட்டது.

ஹாமில்டன் விமானம் இன்று தாங்கியிருப்பது அந்த இரவில் வீழ்ந்த விமானத்தின் எண்ணையும் எழுத்துகளையும்: கேபி 726, விஆர்-ஏ. 1993இல் அருங்காட்சியகக் கொட்டகையில் தீப்பிடித்துப் பல விமானங்கள் அழிந்தன, லங்காஸ்டர் தப்பியது. 2014இல் அட்லாண்டிக்கைக் கடந்து இங்கிலாந்து சென்று, உலகில் பறக்கும் நிலையிலுள்ள மற்ற ஒரே லங்காஸ்டரோடு இணைந்து பறந்தது.

அந்தப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் குண்டுவீச்சுக் கட்டளையகத்தில் பணியாற்றி மாண்டவர்கள் 55,573 பேர். பெரும்பாலோரின் கடைசி நிமிடங்களைச் சொல்ல ஒரு ப்ரோஃபி பிழைத்திருக்கவில்லை. அதனால்தான் இந்த அருங்காட்சியகத்தின் பணி பெரிது. ஒருவர் பெயரில் பறக்கும் இந்த விமானம், சாட்சியின்றிப் போன அத்தனை பேருக்காகவும் பேசுகிறது. ஹாமில்டன் பக்கம் செல்லும் வாசகர்கள் பிள்ளைகளையும் அழைத்துச் சென்று அந்த வால்பகுதிக் கூண்டைக் காட்டுங்கள். மினார்ஸ்கியின் கதையைச் சொல்லுங்கள்.