பொதித் தீர்வையும் பருத்திமாரும்

மாணவ நண்பர்களே, நாம் உடுத்தும் வேட்டியின் நூல் எந்த ஊர்க் காட்டில் விளைந்தது என்று நாம் கேட்பதில்லை. ஆலை முதலாளிகளும் நெடுங்காலம் அப்படியே இருந்தனர். பஞ்சுப் பொதி பம்பாய் வந்து சேர்ந்தால் போதும். அதற்கு முன் நிலத்தில் நிகழ்ந்தது அவர்களுடைய கவலை அன்று. அக்கவலை அவர்களைப் பற்றிக்கொண்ட வரலாற்றையே இன்று சொல்லப் புகுகின்றேன்.

இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் நாட்டுப் பருத்தியின் பெரும்பகுதி குட்டை இழையுடையதாக இருந்தது. மெல்லிய நூல் நூற்க அது உதவாது. அதனினும் பெருங்கேடு ஒன்று உண்டு. நல்ல பருத்தி விளையும் வட்டாரத்துக்கு மட்டமான பருத்தியை இரயிலேற்றிக் கொணர்ந்து, அரைவை ஆலையில் இரண்டையும் கலந்து, அவ்வட்டாரத்தின் நற்பெயரைச் சொல்லியே விற்றனர் வணிகர் சிலர். நட்டம் ஆலைக்கு மட்டுமா? நல்ல விதையைத் தேடி விதைத்த குடியானவனுக்கும் கலப்புப் பஞ்சின் விலையே கிடைத்தது. அடுத்த ஆண்டு அவன் ஏன் அந்த விதையைத் தேடப் போகின்றான்?

இக்குறைகளை ஆராய 1917-இல் அரசாங்கம் ஒரு குழுவை அமர்த்தியது. அதன் பரிந்துரையால் 1921-இல் இந்திய மத்தியப் பருத்திக் குழு பிறந்தது. ஆலை முதலாளியும், வணிகரும், வேளாண்மை அதிகாரியும், பயிரிடுவோரின் பிரதிநிதியும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தனர். அம்மேசையில் உழவனுடைய குரல் மற்றவர் குரல்களைப் போல் ஓங்கி ஒலித்திருக்கும் என்று நான் நம்பவில்லை. ஆயினும் செலவுக்குப் பணம் வந்த வழி பாராட்டத்தக்கது. ஆலையில் செலவாகும் பஞ்சின் மீதும், கப்பலேறும் பஞ்சின் மீதும் பொதிக்குச் சில அணாத் தீர்வை விதித்தது 1923-ஆம் ஆண்டுச் சட்டம். நல்ல பருத்தி விளையும் வட்டாரங்களுக்குள் வெளிப்பருத்தி நுழைவதைத் தடுக்க அதே ஆண்டில் மற்றொரு சட்டமும் வந்தது. 1924-இல் பம்பாய் மாதுங்காவில் ஓர் ஆய்வுக்கூடம் எழுந்தது. புதிய பருத்தி இனத்தைக் கண்ணாலும் விரலாலும் மதிப்பிடுவதை விட்டு, நூற்றே பார்த்துத் தீர்ப்புக் கூறினர் அங்கே.

அந்தத் தீர்வைப் பணத்தின் ஒரு பகுதி இந்தூருக்கும் சென்றது. மத்திய இந்தியச் சமஸ்தானங்கள் சிலவும் கைகொடுக்க, 1924-இல் அங்கே தாவரத் தொழில் ஆராய்ச்சி நிலையம் ஒன்று தோன்றியது. அதன் தலைவர் ஆல்பர்ட் ஹோவர்ட். 1905 முதல் பூசாவில் கோதுமை இனங்களை ஆராய்ந்து பெயர் பெற்றவர் அவர். ஆலைக்காரர் வேண்டியது நீண்ட இழை. ஹோவர்டோ மண்ணைக் குனிந்து பார்த்தார். பசித்திருக்கும் மண்ணில் எத்துணை உயர்ந்த விதையை இட்டால்தான் என்ன பயன் என்பது அவர் கருத்து.

நிலத்துக்கு இரை எங்கே? அறுவடைக்குப் பின் நின்ற பருத்திமாரிலேயே இருந்தது! நம் கரிசல் சீமையில் பருத்திமாரைக் கட்டிவைத்து அடுப்பெரிப்பது பழைய வழக்கம். விறகுபோல் இறுகிய அது எளிதில் மக்காது. ஹோவர்ட் அதனைப் பண்ணைப் பாதையில் பரப்பினார். வண்டிச் சக்கரமும் மாட்டுக் குளம்பும் அதனை நொறுக்கின. நொறுங்கியதை மாட்டுக்குப் படுக்கையாக இட்டு, பின் சாணத்தோடும், மாட்டு நீர் ஊறிய மண்ணோடும், சாம்பலோடும் குழியில் அடுக்கி நீர் தெளித்தார். இடையிடையே மும்முறை புரட்டிவிட, ஏறத்தாழ மூன்று மாதத்தில் கருநிற எரு ஆயிற்று. காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள் அதில் ஒன்றுமில்லை என்பதைக் கவனியுங்கள். யஷ்வந்த் வாட் என்னும் வேதியியலறிஞரோடு சேர்ந்து 1931-இல் இதனை அவர் நூலாக வெளியிட்டார். ‘இந்தூர் முறை’ என்னும் பெயருடன் அது கடல் கடந்து தேயிலை, காப்பித் தோட்டங்களுக்கும் சென்றது. இயற்கை வேளாண்மை பேசுவோர் இன்றும் ஹோவர்டின் பெயரைச் சொல்கின்றனர். அவர் கையில் இருந்த பணம் பஞ்சுப் பொதியின் தீர்வை என்பதைச் சொல்வோர் சிலரே.

மத்தியப் பருத்திக் குழு 1966-இல் கலைக்கப்பட்டது. மாதுங்கா ஆய்வுக்கூடம் இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் வந்து, இன்றும் அங்கேயே இயங்கி வருகின்றது. இழையை அளக்கப் பிறந்த அக்கூடம், பிற்காலத்தில் பருத்திமாரைத் தூளாக்கி அழுத்திப் பலகை செய்யும் முறையையும் வகுத்தது.