நெருக்கடி நிலையும் சமதர்மக் கனவும்: இரு திருத்தங்கள் குறித்த ஒரு நோக்கு

இந்திய அரசியலமைப்பின் முகப்புரையில் ‘சமதர்மம்’ என்னும் கருத்து இடம்பெற்றது, குடிமக்களின் உரிமைகள் முடக்கப்பட்டிருந்த காலத்திலாகும். 1975 சூன் 25 அன்று அறிவிக்கப்பட்ட நெருக்கடி நிலை 1977 மார்ச் 21 வரை நீடித்தது. இதனிடையே 1976இல் நிறைவேறிய 42ஆவது திருத்தமே அச்சொல்லைச் சேர்த்தது. தமிழுக்கு இச்சொல் அப்போது வந்ததன்று. 1930களிலேயே சுயமரியாதை இயக்க ஏடுகளில் பெருவழக்காக இருந்தது. எனினும் அங்கு அது அதிகாரத்தை எதிர்த்தோரின் சொல். 1976இல் அதிகாரத்தின் சொல். இவ்வேறுபாடே இக்கட்டுரையின் பொருள்.

நெருக்கடிக் காலச் சமத்துவப் பேச்சை வெறும் வேடம் என ஒதுக்கிவிட இயலாது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமும், ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் வழங்கும் சட்டமும் 1976இல் இயற்றப்பட்டவையே. 42ஆவது திருத்தம் ஏழைகளுக்குக் கட்டணமில்லாச் சட்ட உதவியையும் அரசு நெறிகளுள் ஒன்றாக்கியது. ஆனால் அதே திருத்தம், அரசியலமைப்புத் திருத்தங்களை எந்த நீதிமன்றமும் வினவலாகாது என்றும் விதித்தது. வழக்கறிஞரைத் தந்து வாயிலை அடைத்த செயல் இது. இவ்விதியை மினர்வா மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1980இல் நீக்கியது. முன்னதாக 1976 ஏப்ரல் 28 அன்று, சிறைப்பட்டோர் ஆட்கொணர்வு மனுவுடன் நீதிமன்றத்தை அணுக இயலாதென அந்நீதிமன்றமே தீர்ப்பளித்திருந்தது. ஐவருள் எச்.ஆர். கன்னா ஒருவரே மாறுபட்டார். தில்லி துர்க்மான் வாயிலில் வீடுகள் இடிக்கப்பட்டதும் அதே ஏப்ரலில்தான். 1976-77இல் மட்டும் 80 இலட்சத்திற்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. கட்டாயத்தின் சுமை பெரிதும் ஏழைகள் மீதே விழுந்தது. யாருக்காகச் சமதர்மம் பேசப்பட்டதோ, அவர்களுக்கே மறுத்துரைக்கும் உரிமை இல்லாதிருந்தது.

இங்கு அம்பேத்கரின் நிலைப்பாடு நினைக்கத்தக்கது. 1948 நவம்பரில் கே.டி. ஷா இச்சொல்லைச் சேர்க்கக் கோரியபோது அவர் ஏற்கவில்லை. சமூகம் எவ்வாறு அமைய வேண்டும் என்பதை அவ்வக்கால மக்களே முடிவுசெய்ய வேண்டும் என்பது அவர் வாதம். சமத்துவத்தை மறுத்தவரல்லர் அவர். மக்கள் தேர்ந்துகொள்ளும் உரிமையைப் பறிக்க மறுத்தவர்.

1977 தேர்தலுக்குப் பின் அமைந்த சனதா அரசு அச்சொல்லை நீக்க முற்படாமல் அதற்குப் பொருள் வகுக்க முயன்றது. சமூகம், அரசியல், பொருளாதாரம் ஆகிய அனைத்திலும் சுரண்டலின்மையே சமதர்மம் என 1978ஆம் ஆண்டின் 45ஆவது திருத்த முன்வரைவு வரையறுத்தது. இம்முன்வரைவே பின்னர் 44ஆவது திருத்தமாயிற்று. ‘உள்நாட்டுக் குழப்பம்’ என்னும் காரணம் ‘ஆயுதக் கிளர்ச்சி’ எனச் சுருக்கப்பட்டது. நெருக்கடியை அறிவிக்க அமைச்சரவையின் எழுத்துவழி முடிவு தேவையாயிற்று. உயிர்வாழும் உரிமை எந்நெருக்கடியிலும் முடக்கப்படாது என்றாயிற்று. சொத்துரிமையோ அடிப்படை உரிமைகளினின்று நீக்கப்பட்டது. உயிருக்குக் காவலை வலுப்படுத்தி, உடைமைக்கு அதனைத் தளர்த்திய இவ்வமைப்பையே சர்வாதிகாரத்திற்கு அளிக்கப்பட்ட உண்மையான மறுமொழியாக இக்கட்டுரையாளர் கருதுகிறார். இது போதிய அளவு பேசப்படவில்லை.

அவ்வரையறையை மக்களவை ஏற்றது. ஆளுங்கட்சிக்குப் பெரும்பான்மை இல்லாத மாநிலங்களவை மறுத்தது. முகப்புரையினின்று அச்சொல்லை நீக்கக் கோரிய மனுக்களை உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தள்ளுபடி செய்தது. சொல் நிலைபெற்றது, 1978இல் கைவிடப்பட்ட வரையறை அரசியலமைப்பில் இடம்பெறவில்லை.