புதுச்சேரியில் மணி பொறுக்குதல்

மணி பொறுக்குதல் என்பது மழை கழுவிய மேட்டிலும் ஆற்றங்கரையிலும் மேலே தெரியும் கல்மணி, கண்ணாடிப் பாசி, வெட்டுண்ட கல் துண்டு முதலியவற்றைத் தேடி எடுக்கும் பழக்கம். புதுச்சேரிப் பகுதியில் இதற்குப் பேர்போன இடம் அரியாங்குப்பம் கொம்யூனில் உள்ள அரிக்கமேடு. அண்டையிலுள்ள வில்லியனூர் கொம்யூனின் வடபகுதி, மணிகளுக்குப் பதிலாகப் புதைபடிவங்களைத் தருகிறது. பொழுதுபோக்காகத் தங்கம் அரிப்பதும் ரத்தினக் கல் தேடுவதும் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பரவலான வழக்கம். அதற்கு நெருங்கிய உள்ளூர் வடிவம் இது. ஆனால் அங்கே கிடைப்பது இயற்கை போட்டுவைத்த கல். அரிக்கமேட்டில் கிடைப்பது தொலைதூரத்திலிருந்து யாரோ கொண்டுவந்து, உடைத்து, தீட்டி, துளையிட்டு, தவறவிட்ட கல். சட்டம் இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. பார்க்கவும் கூடாது.

நிலம்

புதுச்சேரிப் பகுதியின் கிராமப்புறம் அரியாங்குப்பம், வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு என்ற ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகளாகப் பிரிந்துள்ளது. அரித்தெடுக்கும் அளவுக்குத் தங்கம் இவற்றில் எங்கும் இல்லை. செஞ்சிப் பக்கத்திலிருந்து வரும் சங்கராபரணி ஆறு வில்லியனூரையும் திருக்காஞ்சியையும் கடந்து கடலுக்குப் போகிறது. அதன் மணலுக்குக் கட்டுமானச் சந்தையில் உள்ள விலைதான் அதன் பொன். தெற்கே பாகூர், தென்பெண்ணையின் வண்டல் படிந்த நெல் விளையும் பூமி. கல் தேடுகிறவருக்கு அங்கே வேலை இல்லை. பாகூர் மண்ணிலிருந்து வெளிப்பட்டுப் புகழ்பெற்ற பொருள் ஒரு செப்பேடு. நிருபதுங்க பல்லவன் காலத்தைச் சேர்ந்த அது, அவ்வூர்க் கல்விக்கூடத்துக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைச் சொல்கிறது. பிரெஞ்சு ஆட்சியில் கிடைத்ததால் அது பாரீசுக்குப் போய்ச் சேர்ந்தது. புதுச்சேரி மண்ணில் கிடைத்தவை பலவற்றின் வழியும் அதுதான்.

வில்லியனூர் கொம்யூனின் வடக்கே நிலத்தின் தன்மை மாறுகிறது. சேதராப்பட்டு, கரசூர், துத்திப்பட்டு முதலிய ஊர்களின் அடியில் கிரெட்டேசியஸ் காலத்துக் கடல் படிவுகள் உள்ளன. ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. 1840களின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்து ஆங்கில அதிகாரிகளான கே, கன்லிஃப் இருவரும் இந்தப் பக்கத்தில் சுண்ணாம்புக் கற்களைப் பொறுக்கி லண்டனுக்கு அனுப்பினார்கள். பிரிட்டிஷ் இயற்கையியலாளர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் அவற்றை விவரித்து எழுதினார். சுருள் ஓட்டு உயிரிகளான அம்மோனைட்டுகளுக்கு இந்திரன், பிரம்மா, சூரியன், வருணன் என்று நம் தெய்வங்களின் பெயர்களையே அவர் வரிசையாக வைத்தார். சூடோஃபிலைட்டஸ் இந்திரா என்று இன்று அழைக்கப்படும் இனம் பின்னர் உலகின் வேறு பல கரைகளிலும் கிடைத்தது. எங்கே கிடைத்தாலும் அதன் பெயர் புதுச்சேரிப் பக்கத்தில் பொறுக்கிய கல்லைக் கொண்டே வழங்குகிறது. இப்போது சேதராப்பட்டில் தொழிற்பேட்டை இருக்கிறது. படிவு உள்ள நிலத்தில் கட்டடங்கள் எழும்பிவிட்டதால் பார்க்கக் கிடைப்பது குறைவு.

சங்கராபரணியின் மேற்பக்கம், தமிழ்நாட்டு எல்லைக்குள் உள்ள திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றன. 1781இல் சொன்னரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் அவற்றைப் பற்றி எழுதினார். ஏறக்குறைய 2 கோடி ஆண்டு பழமையுள்ளவை என்று கணிக்கப்படும் அந்த மரங்களை இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை தேசியக் கல்மரப் பூங்காவாகக் காத்துவருகிறது. வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் ஒரு துண்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்த காலம் உண்டு. பூங்காவிலிருந்து எதையும் எடுக்க அனுமதி இல்லை.

அரிக்கமேடு

புதுச்சேரி நகருக்குத் தெற்கே சுமார் 4 கிலோமீட்டரில், அரியாங்குப்பம் ஆறு கடலைத் தொடுமுன் வளையும் இடத்தில், காக்காயன்தோப்புக்கு அருகே தென்னையும் மாவும் நிற்கும் தாழ்ந்த மேடு இது. முதல் தடவை போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். நிற்பவை இரண்டொரு செங்கல் சுவர்கள். அவையும் பண்டையவை அல்ல, 18ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்க மறைபரப்பாளர்கள் எழுப்பிய குருமடத்தின் எச்சங்கள். பண்டைய ஊர் காலடியில் இருக்கிறது. பார்க்கத் தெரிந்தவருக்கு அது மண்ணோடு மண்ணாகச் சிவப்பும் நீலமுமாகத் தெரியும்.

வெள்ளியின் சூரியக் கடப்பைப் பார்க்க வந்து, 1769இல் மேகம் மறைத்ததால் ஏமாந்துபோன வானியலாளர் லெ ஜான்டியேதான் இந்த இடத்தின் இடிபாடுகளை ஐரோப்பியருக்கு முதலில் எடுத்துச் சொன்னவர். அதன் பிறகு நெடுங்காலம் எவரும் கவனிக்கவில்லை. ஊர்ப் பிள்ளைகள் மட்டும் கவனித்தார்கள். மழை விட்ட மறுநாள் கரை இடிந்த இடங்களில் மணி பொறுக்குவது அவர்களுக்கு விளையாட்டு. புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த ழூவோ துப்ரேய் அந்தப் பிள்ளைகளிடம் காசு கொடுத்து மணிகளை வாங்கினார், தாமும் பொறுக்கினார். 1937இல் அவர் கைக்கு வந்த ஒரு கல்லில் ஒரு மனிதத் தலை செதுக்கியிருந்தது. அது ரோமப் பேரரசன் அகஸ்டஸ் என்று அவர் கருதினார். அரிக்கமேடு ரோமரோடு தொடர்புடைய ஊர் என்று பிரெஞ்சு அரசுக்கு எழுதினார். தென்னிந்தியத் தொல்லியலின் பெரிய திருப்பங்களில் ஒன்று, பிள்ளைகள் விற்ற கல்லிலிருந்து தொடங்கியது.

1940களின் முற்பகுதியில் ஃபோஷே பாதிரியாரும் சுர்லோவும் அங்கே அகழ்ந்தார்கள். கிடைத்தவற்றில் சில ஹனோய் அருங்காட்சியகத்துக்கு அனுப்பப்பட்டன. 1944இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராகப் பொறுப்பேற்ற மார்டிமர் வீலர், அரிக்கமேட்டிலிருந்து வந்த ஒரு ரோம மதுச்சாடித் துண்டைச் சென்னை அருங்காட்சியகத்தில் கண்டு புதுச்சேரிக்கு வந்தார். 1945இல் பிரெஞ்சு நிலத்தில் பிரிட்டிஷ் இந்தியாவின் தொல்லியல் துறை தோண்டியது. இத்தாலியின் அரெட்சோ நகரத்துச் செந்நிற மட்பாண்டம் எந்த அடுக்கில் கிடக்கிறது என்று பார்த்து, அதே அடுக்கிலுள்ள உள்ளூர்ப் பானைகளுக்கும் காலம் சொன்னார் வீலர். தென்னிந்திய அகழாய்வுகளுக்கு ஒரு காலக்கணக்கு அங்கிருந்துதான் வந்தது. பெரிப்ளூஸ் என்ற பண்டைய கிரேக்கக் கடல்வழி நூல் சொல்லும் பொதுகே துறைமுகம் இதுவே என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. 1947 முதல் 1950 வரை பிரெஞ்சுத் தொல்லியலாளர் கசால் தொடர்ந்து தோண்டினார். 1989 முதல் 1992 வரை தொல்லியலாளர் விமலா பெக்லி நடத்திய ஆய்வு, ரோமர் வருகைக்கு முன்பே அங்கே ஊர் இருந்தது என்று காட்டியது. ரோமர் வந்து ஊரை உண்டாக்கினார்கள் என்ற பழைய கதை அத்தோடு ஒழிந்தது. பாடப்புத்தகங்களில் மட்டும் கொஞ்ச காலம் தங்கியிருந்தது.

மணிகள்

கல்மணிகளில் செந்நிறச் சூதுபவளம், அகேட், செவ்வந்திக் கல், கார்னெட், படிகம், கருங்கோமேதகம் ஆகியவை கிடைத்துள்ளன. இவற்றில் எதுவும் அரிக்கமேட்டு மண்ணில் விளைந்தது அல்ல. சூதுபவளமும் அகேட்டும் தக்காணத்து எரிமலைப் பாறைகளைச் சேர்ந்தவை, கோதாவரி, கிருஷ்ணை ஆற்றுப்படுகைகளில் உருண்டு வருபவை. தமிழகத்துக்குள்ளேயே ஈரோடு மாவட்டம் கொடுமணலில் பெரிய கல்மணித் தொழில் நடந்தது; அதன் பக்கத்துப் படியூர் பச்சைக்கல்லுக்கு ரோமச் சந்தையில் கிராக்கி இருந்தது.

சூதுபவளம் பெரும்பாலும் பிறக்கும்போதே சிவப்பு இல்லை. மங்கிய மஞ்சளாகக் கிடக்கும் கல்லை மெல்லச் சூடேற்றினால் உள்ளிருக்கும் இரும்பு நிறம் மாறிச் சிவக்கிறது. பிறகு சில்லுச் சில்லாகத் தட்டி உருவம் கொண்டுவந்து, அரைத்து, மெருகேற்றி, இரண்டு பக்கமிருந்தும் துளையிட வேண்டும். துளைகள் நடுவில் சரியாகச் சந்திக்காவிட்டால் கல் பிளக்கும். அரிக்கமேட்டில் பொறுக்கப்படுபவற்றில் பாதித் துளையோடு பிளந்தவை, உருவம் வராத கட்டிகள், வெறும் சில்லுகள் நிறைய. மணி சேர்ப்பவர் அவற்றைக் கீழே போட்டுவிடுவார். ஆய்வாளருக்கு அவைதான் சரக்கு: முழு மணி எங்கிருந்தும் வந்திருக்கலாம், பாதித் துளையிட்ட கல் அங்கே பட்டறை இருந்ததற்குச் சாட்சி.

கண்ணாடிப் பாசிகள் இன்னும் அதிகம். பலவும் கேழ்வரகு அளவுதான். மங்கிய சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, நீலம், கறுப்பு. உருகிய கண்ணாடியை நீண்ட குழாயாக இழுத்து, துண்டு போட்டு, சாம்பலோடு சேர்த்து மறுபடி சூடாக்கினால் விளிம்பு மழுங்கிப் பாசி உருளும். மணி ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ் இவ்வகைக்கு இந்தோ-பசிபிக் பாசி என்று பெயரிட்டார். கிழக்கு ஆப்பிரிக்கா முதல் கொரியா, ஜப்பான் வரை இவை கிடைத்துள்ளன. அரிக்கமேடு இத்தொழிலின் மிகப் பழைய மையங்களில் ஒன்று என்பது அவர் கருத்து. ஆந்திரத்தின் பாப்பாநாயுடுபேட்டையில் இதே முறை 20ஆம் நூற்றாண்டிலும் உயிரோடு இருந்தது. அதைப் பார்த்துத்தான் பழைய பாசி செய்த விதத்தை ஆய்வாளர்கள் உறுதிசெய்தார்கள்.

பாசி தேடுவதற்கு உரிய காலம் வடகிழக்குப் பருவமழைக்குப் பிந்திய மாதங்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது கண்ணாடி மினுக்கும். ஆற்று நீர் கரையை அறுப்பதால் ஒவ்வொரு ஆண்டும் ஒரு புது அடுக்கு வெளியே வருகிறது. 2011 டிசம்பர் 30இல் கரையேறிய தானே புயல் போன்றவை மரங்களை வேரோடு சாய்த்து மண்ணைப் புரட்டிப் போட்டுவிடுகின்றன.

சட்டம்

அரிக்கமேடு மத்திய தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட இடம். 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே அனுமதியின்றித் தோண்டுவது குற்றம். 2010ஆம் ஆண்டுத் திருத்தம், பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை கட்டுமானத்தைத் தடைசெய்து, அதற்கப்பால் 200 மீட்டரைக் கட்டுப்பாட்டுக்குள் வைத்தது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் 100 ஆண்டுக்கு மேற்பட்ட பொருளைத் தொல்பொருள் என்கிறது. அதை உரிமம் இல்லாமல் வணிகம் செய்யக்கூடாது. தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. இணையச் சந்தையில் அரிக்கமேட்டு மணி என்ற பெயரில் விற்பதை வாங்குகிறவர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்: போலியை வாங்குகிறார், அல்லது சட்டவிரோதச் சரக்கை வாங்குகிறார்.

இயற்கைக் கல் என்றாலும் கதை அவ்வளவு எளிதல்ல. 1957ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டத்தில் உரிமமின்றிக் கனிமம் எடுக்க வழியில்லை. 2015இல் அகேட், குருந்தம், ஜாஸ்பர் உட்பட 31 கனிமங்கள் சிறுகனிமப் பட்டியலில் சேர்க்கப்பட்டு மாநிலங்களின் பொறுப்புக்குப் போயின. பொழுதுபோக்குத் தேடல் என்ற ஒரு வகையே இந்தியச் சட்டத்தில் இல்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் சிறு கட்டணத்துக்கு உரிமம் வாங்கி ஒரு குடும்பமே வார இறுதியில் நீலக்கல் தேடலாம். நியூசிலாந்தில் பொதுமக்கள் தங்கம் அரிப்பதற்கென்றே ஆற்றுப் பகுதிகளை ஒதுக்கியிருக்கிறார்கள். இலங்கையின் இரத்தினபுரியில் கல் அகழ உரிமம் உண்டு, ஆனால் அது முழுத் தொழில்.

நம் பக்கத்தில் சட்டம் ஒருபுறமும் வழக்கம் மறுபுறமும் நடக்கின்றன. ஆந்திரத்தின் கர்நூல் மாவட்டத்து ஜொன்னகிரி வட்டாரத்தில் முதல் மழை பெய்ததும் ஜனங்கள் வயலில் குனிந்து வைரம் தேடுகிறார்கள். நீலகிரியின் தேவாலா, பந்தலூர்ப் பக்கம் 1880 வாக்கில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தங்க வெறியில் பணத்தைக் கொட்டி நொடித்துப்போயின. ஓடையில் தங்கம் அரிப்பது அங்கே அதற்கப்புறமும் நிற்கவில்லை. இவர்கள் எவருக்கும் இது பொழுதுபோக்கு இல்லை.

குயின்ஸ்லாந்து மாதிரி ஓர் உரிமம் இங்கேயும் வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. காங்கயம், கரூர்ப் பக்கத்துக் கல் விளையும் நிலங்களுக்கு அது பொருந்தலாம். அரிக்கமேட்டுக்குப் பொருந்தாது. எந்த அடுக்கில், எந்தப் பானைத் துண்டின் பக்கத்தில் கிடந்தது என்பது தெரியாத மணிக்கு அழகு மட்டுமே மிச்சம். ழூவோ துப்ரேய்க்குக் கிடைத்த அகஸ்டஸ் கல்லுக்கே அந்தக் குறை உண்டு: அது ரோமத் தொடர்பைச் சொன்னது, காலத்தைச் சொல்லவில்லை. அதைச் சொல்ல வீலரின் பானைத் துண்டுகள் வேண்டியிருந்தன.

அரிக்கமேட்டுக் கல்மணிகளையும் பாசிகளையும் பார்க்க விரும்புவோர் புதுச்சேரி பாரதி பூங்கா அருகிலுள்ள அரசு அருங்காட்சியகத்துக்குப் போகலாம். மேட்டிலோ வயலிலோ மணி கண்ணில் பட்டால், கிடந்தபடியே படம் எடுத்து, இடத்தைக் குறித்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவிப்பதே முறை.