குறை இரைச்சல் முன்பெருக்கி

குறை இரைச்சல் முன்பெருக்கி என்பது ஒலிவாங்கி, இசைத்தட்டு ஊசி, மின் கிதார் போன்ற மூலங்களிலிருந்து வரும் சிறிய குறிகைகளை, தன் பங்கிற்கு மிகக் குறைந்த இரைச்சலை மட்டுமே சேர்த்துப் பெருக்கித் தரும் மின்னணுச் சுற்று ஆகும். இதனை அடுத்து வரும் திறன் பெருக்கி, ஒலியையும் இரைச்சலையும் ஒருங்கே பெருக்கும். எனவே முதற்படியில் கலந்த இரைச்சலைப் பின்னர் பிரித்தெடுப்பது அரிது. வீட்டில் செய்யப்படும் முன்பெருக்கிகளில் பெரும்பாலும் ஆப்-ஆம்ப் என அழைக்கப்படும் செயல்பாட்டுப் பெருக்கித் தொகுசுற்றுகள் பயன்படுகின்றன. இவற்றுள் இரைச்சல் மிகக் குறைந்தது எது என்பதற்கு ஒரே விடை இல்லை. அது மூலத்தின் மின்தடையைப் பொறுத்தது.

இரைச்சலின் மூலங்கள்

முன்பெருக்கியின் உள்ளீட்டில் மூன்று வகை இரைச்சல்கள் சேர்கின்றன.

* வெப்ப இரைச்சல்: ஒவ்வொரு மின்தடையிலும் மின்னணுக்களின் வெப்ப இயக்கத்தால் உண்டாவது. ஜான்சனும் நைக்விஸ்டும் 1928ஆம் ஆண்டில் இதனை விளக்கினர். அறை வெப்பநிலையில் 1 கிலோஓம் மின்தடை √ஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ 4 நானோவோல்ட் இரைச்சலைத் தரும். மின்தடை நான்கு மடங்கானால் இரைச்சல் இரு மடங்காகும்.
* மின்னழுத்த இரைச்சல்: தொகுசுற்றின் உள்ளீட்டு டிரான்சிஸ்டர்களில் தோன்றுவது. மூலம் எதுவாயினும் இது மாறாது.
* மின்னோட்ட இரைச்சல்: இதுவும் தொகுசுற்றில் தோன்றுவதே. ஆனால் மூலத்தின் மின்தடை வழியே பாய்ந்து மின்னழுத்தமாக மாறுவதால், மின்தடைக்கு நேர்விகிதத்தில் கூடும்.

இவை நேரடியாகக் கூட்டப்படுவதில்லை. ஒவ்வொன்றின் வர்க்கத்தையும் கூட்டி, வர்க்கமூலம் காணப்படுகிறது. ஆதலால் மூன்றில் பெரியது எதுவோ அதுவே முடிவைத் தீர்மானிக்கும்.

தொகுசுற்றைத் தேர்தல்

1968இல் ஃபேர்சைல்ட் நிறுவனம் வெளியிட்ட 741 பாடநூல்களில் பரவலாக இடம்பெறினும், வேகம் குறைந்தது. நுண்ணிய ஒலிக்குறிகைகளுக்கு ஏற்றதன்று. 1970களின் பிற்பகுதியில் சிக்னெட்டிக்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய என்ஈ5534, ஒலிப்பதிவுக் கூடங்களின் கலவைப் பலகைகளில் நிலைபெற்றது.

மூன்று தொகுசுற்றுகளின் √ஹெர்ட்ஸுக்கான இயல்பு மதிப்புகள் வருமாறு:

* ஏடி797: 0.9 நானோவோல்ட், 2 பிக்கோஆம்பியர்
* என்ஈ5534ஏ: 3.5 நானோவோல்ட், 0.4 பிக்கோஆம்பியர்
* டிஎல்072: 18 நானோவோல்ட், 0.01 பிக்கோஆம்பியர்

மூலத்தின் வெப்ப இரைச்சலையும் சேர்த்துக் கணக்கிட்டால் கிடைக்கும் மொத்த உள்ளீட்டு இரைச்சல், √ஹெர்ட்ஸுக்கு நானோவோல்ட்டில்:

* 200 ஓம் மூலம் (மூலத்தில் மட்டும் 1.8): ஏடி797 – 2.1, 5534ஏ – 3.9, டிஎல்072 – 18.1
* 10 கிலோஓம் மூலம் (மூலத்தில் மட்டும் 12.9): ஏடி797 – 23.8, 5534ஏ – 13.9, டிஎல்072 – 22.1
* 100 கிலோஓம் மூலம் (மூலத்தில் மட்டும் 40.7): ஏடி797 – 204, 5534ஏ – 57, டிஎல்072 – 44.5

ஒவ்வொரு வரிசையிலும் வேறொரு தொகுசுற்று முந்துவதைக் காணலாம். விலை மிகுந்த ஏடி797, உயர் மின்தடை மூலத்துடன் இணைக்கப்படும்போது மூன்றிலும் மிக மோசமானதாகிறது. இயங்கு காந்த வகை இசைத்தட்டு ஊசியின் மின்தூண்டல் 0.5 ஹென்றி அளவில் இருப்பின், 10 கிலோஹெர்ட்ஸில் அதன் மின்மறுப்பு 30 கிலோஓமைத் தாண்டும். எனவே அதற்கு 5534ஏ பொருத்தமானது.

சுற்று வடிவமைப்பு

புரட்டும் பெருக்கியில் உள்ளீட்டு மின்தடை குறிகைக்குத் தொடராக அமைந்து தன் இரைச்சலைச் சேர்ப்பதால், புரட்டாப் பெருக்கியே விரும்பப்படுகிறது. இதில் பெருக்கத்தை நிர்ணயிக்கும் இரு பின்னூட்ட மின்தடைகளின் பக்க இணைப்பு மதிப்பும் இரைச்சலைத் தருகிறது. 2.2 கிலோஓமும் 100 ஓமும் 23 மடங்கு பெருக்கம் தரும். இவற்றின் இரைச்சல் 1.3 நானோவோல்ட் மட்டுமே. 220 கிலோஓமும் 10 கிலோஓமும் அதே பெருக்கத்தைத் தரினும், இரைச்சல் 12.6 நானோவோல்ட்டாகி 5534ஏ-யின் சிறப்பை வீணாக்கிவிடும்.

100 ஓமுடன் தொடராக 470 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை இணைத்தால் நேர்மின்னழுத்தப் பிழை பெருகாது. கீழ் வெட்டு அதிர்வெண் ஏறத்தாழ 3.4 ஹெர்ட்ஸாக அமையும். இச்சுற்றில் 200 ஓம் ஒலிவாங்கியை இணைத்தால், 20 கிலோஹெர்ட்ஸ் பட்டை அகலத்தில் உள்ளீட்டு இரைச்சல் ஏறத்தாழ 0.6 மைக்ரோவோல்ட் ஆகும். 2 மில்லிவோல்ட் குறிகைக்கு இது 70 டெசிபெல் குறிகை-இரைச்சல் விகிதமாகும்.

ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் மாறுமின்தடையை முதற்படிக்கு முன் வைத்தல் பொதுவாகக் காணப்படும் பிழை. 50 கிலோஓம் மாறுமின்தடை நடுநிலையில் 12.5 கிலோஓம் மூலமாகத் தோன்றி, 14 நானோவோல்ட்டுக்கு மேல் இரைச்சல் தரும். அதனை முதற்படிக்குப் பின்னர் வைத்தலே முறை.

கட்டமைப்பு

* உலோகப் படல மின்தடைகளைப் பயன்படுத்த வேண்டும். கார்பன் மின்தடைகளில் மின்னோட்டம் பாயும்போது கூடுதல் இரைச்சல் உண்டாகும்.
* ±15 வோல்ட் மின்வழங்கலின் ஒவ்வொரு முனையிலும், தொகுசுற்றுக்கு மிக அருகில் 0.1 மைக்ரோஃபாரட் பீங்கான் மின்தேக்கி இடம்பெற வேண்டும்.
* 5534 மூன்று மடங்கும் அதற்கு மேலும் பெருக்கும்போது நிலையாக இயங்கும். அதற்குக் குறைவாயின் 5, 8 ஆம் முனைகளுக்கிடையே 22 பிக்கோஃபாரட் தேவை.
* உள்ளீட்டுக்குக் கவசமிட்ட குறுகிய கம்பியும், சுற்றுக்கு நிலத்துடன் இணைத்த உலோகப் பெட்டியும் வேண்டும். மின்மாற்றியை இயன்றவரை தொலைவில் வைக்க வேண்டும்.

சோதித்தல்

உள்ளீட்டைக் குறுக்கிணைப்புச் செய்து கேட்பது எளிய சோதனையாகும். சீறல் ஒலி பெரிதும் குறைந்தால், அது மூலத்தின் வெப்ப இரைச்சலாகவோ, மூலத்தின் மின்தடை வழியே பாயும் மின்னோட்ட இரைச்சலாகவோ இருக்கும். வெப்ப இரைச்சலாயின் தொகுசுற்றை மாற்றுவதால் பயன் சிறிதே. குறையாவிடில் தொகுசுற்றையும் பின்னூட்ட மின்தடைகளையும் ஆராய வேண்டும். 50 அல்லது 100 ஹெர்ட்ஸ் ரீங்காரம் கேட்டால் அது மின்வழங்கல், நில இணைப்பு அல்லது கவசத்தின் குறையாகும். எத்துணைச் சிறந்த தொகுசுற்றும் அதனை நீக்காது.