பௌத்தம்
கி.மு. 5ஆம் நூற்றாண்டளவில் கங்கைச் சமவெளியில் சித்தார்த்த கௌதமர் தோற்றுவித்த சமயம். அவர் லும்பினியில் பிறந்து, புத்தகயையில் ஞானம் பெற்று, சாரநாத்தில் முதல் அறவுரை நிகழ்த்தி, குசிநகரில் மறைந்தார் என்பது மரபு. மறைந்த ஆண்டைத் தேரவாத மரபு கி.மு. 544 எனக் கொள்ளும். ஆய்வாளர் பலர் அதற்குப் பிந்திய காலத்தையே ஏற்கின்றனர்.

துன்பம், அதன் காரணம், அதன் நீக்கம், நீக்கும் நெறி என்ற நான்கு வாய்மைகளே அடிப்படை. நெறி என்பது நற்காட்சி முதலான எட்டு உறுப்புகளைக் கொண்டது. எல்லாம் சார்பினால் தோன்றி மாறுவன. நிலைத்த ஆன்மா இல்லை. ஆன்மா இல்லையேல் மறுபிறப்பு எடுப்பது எது? இச்சமயத்தின் மிகக் கடினமான கேள்வி இதுதான். ஒரு விளக்கிலிருந்து மற்றொரு விளக்கை ஏற்றும்போது எதுவும் இடம்பெயர்வதில்லை எனத் துறவி நாகசேனர் மன்னன் மிலிந்தனுக்கு விடை கூறுவதாகப் பாலி நூலான மிலிந்தபஞ்ஹா சொல்கிறது.

பௌத்தத்தின் பெரும்பிரிவுகளுள் தேரவாதம் இலங்கை, மியான்மர், தாய்லாந்து முதலிய நாடுகளில் நிலைத்தது. பொதுயுகத் தொடக்கத்தையொட்டி உருப்பெற்ற மகாயானம், எல்லா உயிர்களின் விடுதலைக்காகவும் முயலும் போதிசத்துவரை முன்னிறுத்தியது. சீனம், கொரியா, ஜப்பான், வியட்நாமில் பரவியது. ஜென் அதன் கிளை. தாந்திரிக முறைகள் கொண்ட வச்சிரயானம் திபெத், பூட்டான், மங்கோலியாவில் வேரூன்றியது. நாட்டுக்கு நாடு வழிபாடும் சடங்கும் வேறுபடுவதால் இப்பகுப்பைக் கறாராகக் கொள்ளலாகாது.

தமிழில் மணிமேகலை பௌத்தக் காப்பியம். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடையளித்தான். இந்தியாவில் நலிந்திருந்த சமயத்துக்கு 1956இல் நாக்பூரில் அம்பேத்கரும் இலட்சக்கணக்கானோரும் தீட்சை பெற்றது புதுவாழ்வு தந்தது.