ஆக்சிசனேற்றமடைந்த கொழுமியங்கள்

ஆக்சிசனேற்றமடைந்த கொழுமியங்கள் என்பவை வெப்பம், ஒளி, காற்று ஆகியவற்றாலோ உடலினுள் நிகழும் வினைகளாலோ ஆக்சிசனுடன் சேர்ந்து மாற்றமடைந்த கொழுப்பு அமிலங்கள், கொலஸ்டிரால் முதலியன ஆகும். இவை பெருவிழுங்கிகள் எனப்படும் நோயெதிர்ப்பு உயிரணுக்களின் கொழுப்பு வளர்சிதைமாற்றத்தை மாற்றி, தமனித்தடிப்பு நோய்க்கு வழிகோலுகின்றன.

பெருவிழுங்கிகளில் விளைவு

இயல்பான எல்.டி.எல் துகள்களை உயிரணு தேவைக்கேற்பவே ஏற்கும். உள்ளே கொலஸ்டிரால் மிகுந்தால் ஏற்பிகள் குறைந்துவிடும். வேதிமாற்றமடைந்த எல்.டி.எல்லைப் பெருவிழுங்கிகள் வேறு ஏற்பிகள் வழியே விழுங்குவதை 1979ஆம் ஆண்டு கோல்ட்ஸ்டீன், பிரவுன் ஆகியோர் காட்டினர். இவ்விருவரும் 1985இல் நோபல் பரிசு பெற்றனர். இந்த ஏற்பிகளுக்கு அத்தகைய கட்டுப்பாடு இல்லை. எனவே கொலஸ்டிரால் எஸ்டர்கள் துளிகளாகச் சேர்ந்து, பெருவிழுங்கி நுரை உயிரணுவாக மாறுகிறது.

ஆக்சிசனேற்றமடைந்த லினோலெயிக் அமிலம் பிபிஏஆர்-காமா என்னும் புரதத்தைத் தூண்டி, சிடி36 ஏற்பியைப் பெருக்குகிறது. ஆக்சிஸ்டெரால்கள் எல்எக்ஸ்ஆர் புரதத்தைத் தூண்டுகின்றன. இதனால் கொலஸ்டிராலை வெளியேற்றும் ஏபிசிஏ1 பெருகும். அதேவேளை கொழுப்பு அமில ஆக்கமும் கூடும்.

உணவில்

திருநெல்வேலியின் புகழ்பெற்ற அல்வா கோதுமைப் பால், சர்க்கரை, நெய் ஆகியவற்றை நெடுநேரம் கிண்டிச் செய்யப்படுகிறது. 1987ஆம் ஆண்டு லான்செட் இதழில் ஜேக்கப்சன் வெளியிட்ட ஆய்வில், நெய்யில் கொலஸ்டிரால் ஆக்சைடுகள் காணப்பட்டன; புதிய வெண்ணெயில் காணப்படவில்லை. வெளிநாடுவாழ் இந்தியரிடையே இதயநோய் மிகுதியாக இருப்பதற்கு இது காரணமாகலாம் என அவர் கருதினார். இக்கருத்து நிறுவப்படவில்லை. மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தார் 2000இல் வெளியிட்ட ஆய்வில், நெய் உண்ட எலிகளின் குருதிக் கொலஸ்டிரால் குறைந்தது.

தாவர எண்ணெய்களில் கொலஸ்டிரால் இல்லை எனலாம். எனினும் திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது அவற்றின் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் ஆக்சிசனேற்றமடைகின்றன. நல்லெண்ணெயிலுள்ள செசமால் போன்ற பொருட்கள் இதனைத் தாமதப்படுத்துகின்றன.

தடுப்பு

இந்தியாவில் 2018 சூலை 1 முதல், மொத்த முனைவுச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தலாகாது. தமனிச் சுவரில் எல்.டி.எல் ஆக்சிசனேற்றமடைவது பெரும்பாலும் உடலினுள்ளேயே நிகழ்வதால், உணவுக் கட்டுப்பாடு மட்டும் போதாது. ஆக்சிசனேற்றத்தைத் தடுக்கும் வைட்டமின் ஈ, 2000இல் வெளியான ஹோப் ஆய்வில் மாரடைப்பைக் குறைக்கவில்லை. குருதியில் எல்.டி.எல் அளவைக் குறைப்பதே இன்று நிறுவப்பட்ட வழியாகும்.