பழிக்குப் பழி: ஒரு ஜப்பானியக் கதையும் அதன் சரித்திரமும்



என்னிடம் முன்னாளில் பயின்ற அன்பர் ஒருவர் அண்மையில் ஜப்பானியத் திரைப்படம் ஒன்றை எனக்குக் காட்டினார். ‘லேடி ஸ்னோபிளட்’ என்னும் பெயரால் உலகறிந்த அப்படம் 1973-ஆம் ஆண்டில் வெளிவந்தது. குடையின் காம்பினுள் வாளை மறைத்துக்கொண்டு பகைவரைத் தேடிச் செல்லும் யுகி என்ற இளநங்கையே அதன் தலைவி. அமெரிக்க இயக்குநர் குவென்டின் டாரன்டினோ 2003-இல் அளித்த ‘கில் பில்’ இப்படத்துக்குப் பெரிதும் கடன்பட்டது. இதன் வாட்போர் அழகைப் புகழ்வது என் நோக்கமன்று. இதனுள் பொதிந்துள்ள சரித்திரத்தையே சொல்ல விழைகின்றேன்.

கதையின் தொடக்கத்தில், பள்ளியாசிரியர் ஒருவர் மனைவியோடும் மகனோடும் ஒரு கிராமத்துக்கு வருகிறார். அவர் உடுத்தியிருப்பது வெள்ளுடை. அவரை அரசாங்கத்தின் படைக்கு ஆள் பிடிப்பவர் என்று கூறி நான்கு கொடியோர் கொன்றுவிடுகின்றனர், சிறுவனும் மாள்கிறான். பல்லாண்டுகள் வெள்ளை வேட்டியும் சட்டையுமாகப் பள்ளிக்குச் சென்று வந்த எனக்கு அக்காட்சி நெஞ்சை உலுக்கியது. ஆசிரியர் செய்த பிழைதான் யாது?

விடை சரித்திரத்தில் இருக்கிறது. மெய்ஜி அரசு 1872-இல் கட்டாயக் கல்வியையும், 1873 ஜனவரியில் கட்டாயப் படைச் சேவையையும் விதித்தது. படைச் சேவையை விளக்கிய அறிக்கையில் ‘இரத்த வரி’ என்றொரு சொல் இருந்தது. உடம்பிலிருந்து மெய்யாகவே இரத்தம் எடுப்பார்கள் என்று எளிய உழவர் அஞ்சினர். வெள்ளுடை மனிதர் வருகின்றார் என்ற வதந்தியும் பரவிற்று. கலகங்கள் மூண்டன, பள்ளிகளும் தீக்கிரையாயின. 270 யென் செலுத்தினால் படைச் சேவையிலிருந்து விலக்குப் பெறலாம் என்ற விதியோ, ஏழையின் சினத்தை மேலும் வளர்த்தது.

அதே 1873-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அரசு பழிக்கொலையையும் தடை செய்தது. அதற்கு முன்னர், பெற்றோரையோ மூத்தோரையோ கொன்றவனைப் பழிவாங்க அதிகாரிகளிடம் முன்னதாகப் பதிவு செய்து அனுமதி பெறும் முறை இருந்தது. ஆனால் மகனுக்காகத் தந்தை பழிவாங்க இயலாது; பழிக்கு எதிர்ப்பழி வாங்கவும் கூடாது. புதிய ஆணையோ, கொலைஞனைத் தண்டிப்பது அரசின் கடமை, தனி மனிதனின் உரிமையன்று எனத் தெளிவாகக் கூறிற்று.

ஆணை பிறந்ததும் நெஞ்சம் மாறிவிடுமா? உசுயி ரொகுரோ என்பாரின் பெற்றோர் 1868-இல் கொல்லப்பட்டனர். கொன்றோர் தண்டிக்கப்படவில்லை, அவருள் ஒருவர் பிற்காலத்தில் நீதிபதியாகவே உயர்ந்தார்! 1880-இல் உசுயி டோக்கியோவில் அவரைக் கொன்றுவிட்டுத் தாமே சென்று சரணடைந்தார். மக்கள் இரக்கம் காட்டினர். நீதிமன்றமோ ஆயுட்சிறை விதித்தது. பின்னர் தண்டனை குறைந்து அவர் விடுதலையானார். நீதி தவறிய இடத்தில்தான் அந்த வாள் முளைத்தது என்பதை நாம் மறத்தலாகாது. ஆயினும் அன்று நீதிமன்றம் அவரை வாழ்த்தி அனுப்பியிருந்தால், அடுத்த வாளைத் தடுப்பவர் யார்?

இக்கேள்விக்குத் திரைப்படமே விடை தருகிறது. யுகி தன் பகைவரை ஒவ்வொருவராக வீழ்த்துகிறாள். இறுதியில், பனி படர்ந்த நிலத்தில், காயமுற்ற அவளை ஓர் இளம்பெண் கத்தியால் குத்துகிறாள். அவள் யார்? யுகி கொன்ற பகைவருள் ஒருவனுடைய மகள்! தாயின் பழிக்காக வாளேந்தியவளை, தந்தைக்காக மற்றொருத்தி தாக்குகிறாள். இருவருள் எவளைக் குற்றவாளி என்பது?

மாணவர்களே, இத்தகைய படங்களைக் காணும்போது, வாள் ஏந்தியவளை மட்டும் நோக்காதீர்கள். மாண்டவனின் வீட்டில் நிற்கும் குழந்தையையும் நோக்குங்கள். அக்குழந்தையின் கையில் கத்திக்குப் பதிலாகப் புத்தகம் இருக்க வேண்டுமெனில், வழக்குமன்றம் தன் கடமையைத் தவறாது செய்தல் வேண்டும். அந்தப் புத்தகத்தைக் கொடுக்கச் சென்ற வெள்ளாடை ஆசிரியரையே அக்கிராமம் இழந்தது.